எந்தப் பக்கம் தலை

லாரன்ஸ் ரோட்டுக் கடையில்
ஆணித் துப்பாக்கி மூன்று
கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருந்தன.
"என்ன வேலைக்கு?" என்றார் ஹபீபுல்லா.
விலைக்கு முன்னால் வேலையைக் கேட்கும் கடைக்காரர்
எனக்குத் தெரிந்து கடலூரில் இவர் ஒருவர்தான்.

ஹாலுக்கு நடுவே ஒரு தடுப்பு, என்றேன்.
பன்னிரண்டு எம்எம் பிளை, வேப்பஞ்சட்டம்,
முதுநகரில்,
உப்பனாற்றைப் பார்த்த வீடு.

"உப்பனாறா?"
முதல் பெட்டியை அவர் தள்ளிவைத்தார்.
வெறும் இரும்பு அங்கே ஒரு மழைக்குத் தாங்காது,
துத்தநாகம் பூசியது இரண்டுக்கு.
துருப்பிடிக்காத எஃகு எடும்மா,
விலை கேட்டால் கொஞ்சம் வலிக்கும்,
பெயின்ட்டில் பழுப்புக் கோடு இறங்காது.

துப்பாக்கியில்தான் அரை மணி நேரம் போனது.
காற்றில் ஓடுவது மலிவு,
ஆனால் கம்ப்ரசரை என் ஸ்கூட்டியில் எங்கே வைப்பது?
வயர் உள்ளது கரண்ட்டை நம்பும்,
கார்த்திகைப் புயலில் எங்கள் தெருக் கரண்ட்டை
யாரும் நம்புவதில்லை.
மிச்சம் பேட்டரிக்காரன். மூன்று கிலோ.
தரையோரம் அடிக்கையில் தெரியாது,
தலைக்குமேல் தூக்கினால்
ஐந்தாவது ஆணியில் தோள் பேச ஆரம்பிக்கும்.

இருபத்துமூன்று கேஜ் தலைமுடி,
பதினெட்டு குச்சி,
பதினாறு கொஞ்சம் உடம்பு.
எண் ஏற ஏற ஆணி இளைக்கிறது,
இந்தக் கணக்கை யார் போட்டார்களோ.
பிளையின் கனத்தைப்போல் மூன்று மடங்கு நீளம்:
முப்பத்தெட்டு எம்எம், பதினெட்டு கேஜ்.

பழப்பெட்டிப் பலகையில் ஒன்று அடித்துக் காட்டினார்.
டப்.
எள் விழுந்த அளவுக்கு ஒரு புள்ளி.
"வேம்பில் கணு இருந்தால்
வளைந்து பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும்.
இடது கை ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்."
சுத்தியல் கறுப்பாக்கிய கட்டைவிரல் நகத்தை
மடக்கிக்கொண்டு பணத்தை எண்ணினேன்.

இரவு பேட்டரி சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும்போது
கலியமூர்த்தி போன் செய்தார்:
"ஆணியெல்லாம் வேணாம்மா. ஸ்க்ரூ போடுங்க.
ஜென்மத்துக்கும் அசையக் கூடாது."
பத்து நிமிஷம் கழித்து ஞானசேகர்,
மெல்லிய குரலில், குழாயடியில் நின்று பேசுவதுபோல்:
"ஆணியே போதும்க்கா. லேசா.
எப்பவாவது எடுக்கணும்னா எடுக்கற மாதிரி."

அண்ணனுக்கும் தம்பிக்கும் மரம் தெரியாது.
பசை தடவி அடித்த ஆணி
வெளியே வந்தால் பிளையைக் கிழித்துக்கொண்டு வரும்.
ஸ்க்ரூ
போன வழியே திரும்பி வரும்.
இதை இருவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் சட்டத்தில் பிளையை
ஆணியால்தான் அடித்தேன்.
டப், டப்.
அந்த அறையில் ஒரு டிவி, இந்த அறையில் ஒரு டிவி,
இரண்டிலும் ஒரே சீரியல்,
அரை நொடி முன்பின்னாக.
இரண்டு ஆணி வளைந்தது, ஒன்று கணுவில்.
ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது கை.

தடுப்பை வீட்டோடு பிடிக்க மட்டும் ஸ்க்ரூ.
அங்கேதான் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு
ஒரு டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
ஸ்க்ரூவுக்குத் தலை என்று ஒன்று இருக்கிறது.
தலை எந்தப் பக்கமோ
அந்தப் பக்கத்தால்தான் கழற்ற முடியும்.

மேல் சட்டத்துக்குப் பன்னிரண்டு, அண்ணன் பக்கமிருந்து.
கீழ்ச் சட்டத்துக்குப் பன்னிரண்டு, தம்பி பக்கமிருந்து.

பில்லைக் கண்ணாடி போட்டுப் படித்தார் கலியமூர்த்தி.
ஆணி ஒரு பெட்டி,
பசை அரைக் கிலோ,
எஃகு ஸ்க்ரூ இருபத்துநான்கு.
தடுப்பை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.
விரலை நீட்டி எண்ணினார்.
"இந்தப் பக்கம் பன்னிரண்டுதானே இருக்கு?"

ஆமாங்க, என்றேன்.
துப்பாக்கியிலிருந்து பேட்டரியைக் கழற்றி
பையில் போட்டேன்.